அகராதியில் அப்படித்தானே போட்டிருக்கு?

"மை டீம் வாஸ் ரைஃப் வித் டேலண்ட்." இந்த ஒரு வாக்கியம் என்னைக் கொஞ்ச நாளாகப் படுத்தி எடுக்கிறது. எழுதியது நானில்லை. வேலையிடத்தில் எனக்கு ஜூனியர், அக்கா அக்கா என்று பழகுகிற பெண். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயார் செய்த எஸ்.ஓ.பி.யை (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விளக்கும் கட்டுரை) ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, இலக்கணப்பிழை என்று தேடினால் ஒன்றோ இரண்டோ தேறும். ஆனாலும் படிக்கப் படிக்க ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது. தொடங்கியதாக ஒரு இடத்திலும் இல்லை, எல்லாம் 'கமென்ஸ்'. பயன்படுத்தவே இல்லை, 'யுடிலைஸ்' மட்டும்தான். அனுபவங்கள் 'ப்ளெதொரா'வாக வந்தன, அறிவை 'இம்பைப்' செய்தாள். அதன் நடுவில்தான் அவளுடைய குழு 'ரைஃப்' ஆக நின்றது.

அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்தேன். மறுநாள் வந்து நின்றாள். "அக்கா, டீம்ல டேலண்ட் நிறைய இருந்துச்சுன்னுதானே எழுதியிருக்கேன்? அகராதியில அப்படித்தானே போட்டிருக்கு?" என்று போனைக் காட்டினாள். போட்டிருந்தது. நிறைந்த, மலிந்த. அவள் சொன்னதில் தப்பே இல்லை. "அப்படிச் சொல்லமாட்டாங்கம்மா" என்றேன். "ஏன்க்கா?" "சொல்லமாட்டாங்க, அவ்வளவுதான்." இந்தப் பதிலை நான் படிக்கிற காலத்தில் பலரிடம் வாங்கியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல்பட்டிருக்கிறேன். பதில் தெரியாதவர்கள் சொல்லும் பதில் அது.

அவள் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுச் சொற்பட்டியல் முழுவதையும் ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் ஏற்றி, காலையும் மாலையும் அட்டை அட்டையாகத் தள்ளிக்கொண்டிருந்தவள். முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருள். இந்தப் பட்டியல்களைப் பிடித்துக்கொண்டு படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், ஒரு வேடிக்கை புலப்படும்: 'ஏ'யில் தொடங்கும் சொற்களில் எல்லாரும் மேதைகள். அபேட், அபெரண்ட், அப்ஸ்காண்ட் எல்லாம் தலைகீழாகச் சொல்வார்கள். 'எம்' தாண்டியவர்கள் கொஞ்சம் பேர். 'டபிள்யூ' வரை போனவர்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இவள் போயிருந்தாள்.

ஆங்கி மாதிரியான செயலிகள் வேலை செய்யாது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. நன்றாகவே வேலை செய்கின்றன. மறதி முதலில் சரசரவென்று இறங்கி அப்புறம் மெதுவாகத் தேய்கிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் அந்தச் சரிவு தணிகிறது என்பது 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனை எலியாக்கிக் கண்டறிந்ததிலிருந்து தொடங்கும் சமாச்சாரம். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அதைத் தடுப்புகள் வைத்த ஓர் அட்டைப்பெட்டிக்குள் கொண்டுவந்தார்: தெரிந்த அட்டை அடுத்த அறைக்குப் போகும், தெரியாத அட்டை முதல் அறைக்குத் திரும்பும். செயலிகள் அதைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன. ஆனால் எபிங்ஹாஸ் எதை மனப்பாடம் செய்தார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. பொருளே இல்லாத அசைகளை. வேண்டுமென்றேதான். பொருளுள்ள சொல்லாக இருந்தால் ஏற்கெனவே மனத்தில் இருக்கும் தொடர்புகள் குறுக்கே வந்து சோதனையைக் கெடுத்துவிடும் என்று, உற்றார் உறவினர் யாருமில்லாத ஒலிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நாம் என்ன செய்கிறோம்? உற்றார் உறவோடு வாழும் சொற்களைப் பிடித்துவந்து, உறவை எல்லாம் வெட்டி, அட்டையில் தனியாக உட்காரவைத்து மனப்பாடம் செய்கிறோம். நினைவில் நிற்கும், சந்தேகமில்லை. நினைவில் நிற்பது ஒரு சொல், அதற்கு எதிரே ஒரு பொருள், அவ்வளவுதான்.

தேர்வு நடத்துபவர்களே இதிலிருந்து நகர்ந்துவிட்டார்கள் என்பதுதான் கூத்து. ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகளும் ஒப்புமைக் கேள்விகளும் 2011 ஆகஸ்டோடு போய்விட்டன. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடியில் எதிர்ச்சொல் 1994-லும் ஒப்புமை 2005-லும் போயின. இப்போது ஒரு பத்தியைக் கொடுத்து, நடுவில் கோடிட்டு, அந்த இடத்தில் எது பொருந்தும் என்று கேட்கிறார்கள். பட்டியல்கள் மட்டும் அப்படியே புழங்குகின்றன.

சகவாச தோஷம்

"ஏன்க்கா"வுக்குப் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்று ஆகிவிட்டதால், கார்ப்பஸைத் திறந்தேன். தெரியாதவர்களுக்கு: செய்தித்தாள், நாவல், ஆய்விதழ், தொலைக்காட்சிப் பேச்சு என்று நிஜத்தில் புழங்கிய மொழியைக் கோடிக்கணக்கான சொற்களாகச் சேர்த்து, தேடிப் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 10 கோடிச் சொற்களோடு 1994-இல் முடிந்த பிஎன்சி இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்துக்கு மார்க் டேவிஸ் 2008-இல் வெளியிட்ட கோகா, இன்று 100 கோடிச் சொற்களைத் தாண்டி நிற்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் அது வந்த வரிகளை எல்லாம், அந்தச் சொல் நடுவில் நேர்க்கோட்டில் நிற்கும்படி அடுக்கிக் காட்டும். அதன் வலப்பக்கம் யார் நிற்கிறார்கள், இடப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினாலே போதும்.

'ரைஃப் வித்' என்று தட்டி இருவரும் பார்த்தோம். ஊழல், வதந்தி, யூகம், மோதல், பிழைகள், முரண்பாடுகள். நடுவில் 'பாஸிபிலிட்டிஸ்' மாதிரி ஒன்றிரண்டு நல்ல பிள்ளைகளும் தலைகாட்டின, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூட்டம் எப்படிப்பட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "தலைவிரித்தாடுதுன்னு சொல்லுவோமில்ல, எது எதும்மா தலைவிரித்தாடும்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஊழல். பஞ்சம். லஞ்சம்." "எங்க டீம்ல திறமை தலைவிரித்தாடுச்சுன்னு எழுதுவியா?" சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் நான் வட்டம் போட்டு வைத்துவிட்டு விளக்கத் தெரியாமல் நின்ற எல்லாவற்றுக்கும் விளக்கம்.

தமிழில் இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 'கண்ணீர் மல்க விடைபெற்றார்' என்று எழுதுகிறோம், 'வியர்வை மல்க ஓடினார்' என்று ஒரு குழந்தைகூட எழுதாது. வறுமை வாட்டும், செல்வம் வாட்டாது. ஆயிரக்கணக்கான முறை கேட்டுக் கேட்டு, எந்தச் சொல்லுக்கு எந்தச் சேர்க்கை என்பது நமக்குள் படிந்துவிட்டது. ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்து அறியலாம் என்று மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். அந்த வழியில் வந்த ஜான் சின்க்ளேர் பிறகு கணினியில் வரிகளை அடுக்கிப் பார்த்தபோது, 'செட் இன்' (வந்து நிலைப்பது) என்ற சாதாரண வினைக்கு எழுவாயாக வருவதெல்லாம் அழுகல், சோர்வு, விரக்தி என்று ஒரே மோசமான கூட்டமாக இருப்பதைக் கண்டார். 'காஸ்' (விளைவிப்பது) என்ற சொல்லும் அப்படித்தான். சேதம், சிக்கல், மரணம், கவலை இவற்றைத்தான் பெரும்பாலும் 'காஸ்' செய்கிறார்கள். அகராதியில் அதற்கு நல்லது கெட்டது என்ற பேதமே கிடையாது. பழகிப் பழகிச் சகவாச தோஷம் ஒட்டிக்கொள்கிறது.

இந்த இடத்தில் எந்த அகராதி என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவருக்கு எழுதிய அகராதி, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த சேர்க்கையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று உறைத்தது வெளியில் போய்ப் பாடம் நடத்தியவர்களுக்குத்தான். ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தபோது உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துக்கொண்டது, இன்றைக்கு 'அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்' என்று நாம் தூக்கிச் சுமப்பதன் மூலம் அதுதான். சின்க்ளேரின் கோபில்ட் அகராதி 1987-இல் இன்னொரு படி போய், பொருளையே முழு வாக்கியமாக எழுதியது: இன்ன இடத்தில் இன்னது நடந்தால் இப்படிச் சொல்வார்கள் என்கிற தோரணையில். போனில் ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தரும் இலவசச் செயலியையும் இவற்றையும் 'அகராதி' என்ற ஒரே பெயரால் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

பெரிய சொல் மோகம் புதிதல்ல

ஆங்கிலத்தில் ஆங்கிலத்துக்கே எழுதப்பட்ட முதல் அகராதி என்று சொல்லப்படும் ராபர்ட் காட்ரியின் புத்தகம் 1604-இல் வந்தது. சுமார் 2500 சொற்கள். அதில் வீடு, மரம், தண்ணீர் எல்லாம் தேடக்கூடாது, கடினச் சொற்கள் மட்டும்தான். அதாவது ஆங்கில அகராதி என்ற பண்டமே ஜிஆர்இ பட்டியலாகத்தான் பிறந்திருக்கிறது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால், 1553-இல், தாமஸ் வில்சன் தன் நூலில் லத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டி எழுதும் பேர்வழிகளைக் கிண்டல் செய்ய ஒரு போலிக் கடிதம் எழுதிவைத்தார். இன்றைக்கு அதைப் படித்தால் 'இன்ஜெண்ட்', 'ஆப்டெஸ்டேட்' எல்லாம் செத்துப் போயிருக்கின்றன. அதே கடிதத்தில் கேலிக்கு வைத்த 'செலிபிரேட்'டும் 'எக்ஸ்டால்'உம் சௌக்கியமாக இருக்கின்றன. பெரிய சொல்லைப் பார்த்துச் சிரிப்பவர்கள்தான் எப்போதும் ஜெயிப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சும், பிறகு புலமை வழியாக லத்தீனும் ஏறிக்கொண்டதால் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு மூன்று தட்டில் சொல் கிடைக்கிறது. ஆஸ்க், கொஸ்டின், இன்டராகேட். ரைஸ், மவுண்ட், அசெண்ட். பட்டியல் படிப்பவர்கள் மூன்றாவது தட்டை முதல் தட்டின் உயர்தரப் பதிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 'இன்டராகேட்' செய்வது போலீஸ்காரர் வேலை. வழி தெரியாதவர் தெருவில் நிற்பவரை 'இன்டராகேட்' செய்தால் அடி விழும். மூன்றும் மூன்று இடத்தில் குடியிருக்கும் சொற்கள், ஒன்றுக்குப் பதில் ஒன்றை அனுப்ப முடியாது.

அனுப்பினால் என்ன ஆகும் என்று ஒருவர் சோதித்தே பார்த்துவிட்டார். டேனியல் ஓப்பன்ஹைமர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. எடுத்துக்கொண்ட பொருள் என்ன தெரியுமா, மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் எழுதிய கட்டுரைகள்! அவற்றில் சாதாரணச் சொற்களை எடுத்துவிட்டு, தெசாரஸில், அதாவது ஒத்தசொல் அகராதியில், கிடைத்த நீளமான சொற்களைப் போட்டு வாசிக்கக் கொடுத்தார். நீளச் சொல் கூடக்கூட எழுதியவரின் அறிவைப் பற்றிய மதிப்பு இறங்கியது. தலைப்பையே நீளச் சொற்களால் நிரப்பிக் கிண்டலடித்த அந்தக் கட்டுரைக்கு அதே ஆண்டு, சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் என்ற கேலிப் பரிசு கிடைத்தது. இதை அவளிடம் சொன்னபோது முகம் கொஞ்சம் சுருங்கியது. நியாயம்தான், அந்தச் சொற்களுக்காக அவள் விட்ட தூக்கம் எவ்வளவு! ஒன்றைச் சொல்ல வேண்டும்: அந்த ஆய்வு குற்றம் சொன்னது தேவையில்லாமல் திணித்த சொற்களைத்தான். சரியான இடத்தில் விழுந்த அரிய சொல்லுக்கு அதில் எந்தத் தண்டனையும் இல்லை.

நடுத்தட்டு

அப்படியானால் 'அட்வான்ஸ்ட்' என்பது எங்கே இருக்கிறது? என் கட்சி இதுதான்: உச்சியில் இல்லை, நடுவில் இருக்கிறது. சொற்கற்றல் ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் போட்ட கணக்குப்படி நாவலும் செய்தித்தாளும் துணையில்லாமல் படிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் தேவை, பேச்சுக்கு 6000 முதல் 7000 போதும். சொற்குடும்பம் என்றால் ஒரு தலைச்சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்த்து ஒன்று. பத்திக்கு 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்ற அடிப்படையில் வந்த கணக்கு அது. 98 என்பது கேட்பதற்குத் தாராளமாக இருக்கிறது, ஆனால் 50 சொல்லுக்கு ஒன்று தெரியாது என்று அர்த்தம். 300 சொல் கொண்ட பக்கத்தில் ஆறு. அதுவே 95 சதவீதமாக இறங்கினால் ஒரு பக்கத்தில் பதினைந்து தெரியாத சொற்கள், அந்தப் புத்தகம் மூடப்படுவது நிச்சயம். புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது எந்தப் பட்டியலையும்விட எனக்கு உதவுவது இந்தச் சின்னக் கணக்குதான். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து தெரியாததை எண்ணுவேன்.

இன்னொரு எண்ணும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல், அன்றாடச் சொற்களான முதல் 2000-ஐ ஒதுக்கிவிட்டுப் பல துறைப் பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் பொதுவாக வருவனவற்றைத் திரட்டியது. மொத்தம் 570 குடும்பங்கள். கல்வி நூல்களில் ஓடும் சொற்களில் சுமார் 10 சதவீதத்தை இந்த 570-ஏ சுமக்கிறது. பட்டியலைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். அஸ்யூம், டிரைவ், கான்ஸ்டிட்யூட், இம்ப்ளை, இஷ்யூ. அவள் பார்த்துவிட்டு "இதெல்லாம் தெரியுமேக்கா" என்றாள். "இஷ்யூ தெரியுமா?" "பிரச்சினை." சரி. ஆனால் அறிக்கையை இஷ்யூ செய்கிறார்கள், பத்திரிகையின் மார்ச் மாத இஷ்யூ வருகிறது, ஒருவர் சொன்னதை மறுப்பதற்கு 'டேக் இஷ்யூ வித்' என்கிறார்கள். கடைசியில் உள்ளதை அவள் ஏதோ புத்தகத்தில் பார்த்து, 'பிரச்சினையை எடுத்துக்கொண்டார்' என்று புரிந்துகொண்டு தாண்டிப் போயிருந்தாள். தெரிந்த சொல் என்பதால் அகராதியைத் திறக்கவும் தோன்றவில்லை. தெரியாத சொல் நம்மை நிறுத்திவிடும். பாதி தெரிந்த சொல் தெரிந்த முகத்தோடு தாண்டிப் போய்விடும், அதுதான் ஆபத்து.

பட்டியல்கள் கண்டுகொள்ளாத இன்னொரு கூட்டம் குட்டி வினைச்சொற்கள். ஃபால் த்ரூ, ப்ளே டவுன், புட் அப் வித், லெட் டவுன். ஒவ்வொரு துண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொல், சேர்ந்தால் வேறு ஆள். தாய்மொழியில் இந்த அமைப்பு இல்லாதவர்கள் இவற்றைத் தொடாமல், ஒற்றைச் சொல்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவார்கள் என்று ஹீப்ரு பேசுபவர்களை வைத்து டாகட்டும் லாஃபரும் 1985-லேயே எழுதியிருக்கிறார்கள். நாமும் அதே ஜாதிதான். ஒப்பந்தம் கைகூடாமல் போனதை 'ஃபெயில்ட்' என்று எழுதிவிடுவோம், 'ஃபெல் த்ரூ' கைக்கு வராது. 'ஒப்ஃபஸ்கேட்' (குழப்பி மறைப்பது) தெரிந்தவரை விட, விஷயத்தைக் குறைத்துக் காட்டினார்கள் என்பதற்கு 'ப்ளேய்ட் டவுன்' என்று அலட்டாமல் எழுதுபவரைத்தான் நான் மொழி கைவந்தவர் என்பேன். இதில் பலருக்கு உடன்பாடிருக்காது.

அட்டைகளை எறியச் சொல்லி நான் அவளிடம் சொல்லவில்லை. முன்பக்கத்தை மாற்றச் சொன்னேன். தனிச்சொல் வேண்டாம், எங்கே பார்த்தாயோ அந்த வாக்கியத்தை அப்படியே எழுது, அப்புறம் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பக்கத்து ஆளை அழித்துவிட்டுக் கோடிடு. 'கமிட்' இருக்கட்டும், எதைக் கமிட் செய்தார்கள் என்பதை மறைத்து வை. 'ஹெவிலி' இருக்கட்டும், ஹெவிலி என்ன என்று உன்னையே கேள். குட்டி வினைகளுக்கு 'த்ரூ'வையும் 'டவுனை'யும் மறைத்து வை. அட்டை செய்ய நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஒரு நாளில் ஐம்பது ஏற்ற முடியாது, ஐந்து ஏறினால் அதிகம். "இப்படிப் போனா டபிள்யூ வர எத்தனை வருஷம் ஆகும்க்கா?" என்று கேட்டாள். அகரவரிசையில் போனால்தானே டபிள்யூ வரும் என்றேன். இரண்டு நாள் கழித்து முதல் அட்டையை அனுப்பியிருந்தாள்: "த டீல் ஃபெல் ____ அட் த லாஸ்ட் மினிட்." கீழே 'அட் த லாஸ்ட் மினிட்' என்பதற்கும் அவளாகவே கோடு போட்டு, இதுவும் ஃபெல் த்ரூவோட அடிக்கடி வருது, பாத்தீங்களா என்று கேட்டிருந்தாள். நான் பார்த்திருக்கவில்லை. போய்த் தேடினேன், வரத்தான் செய்கிறது.